பருந்துகளுக்கு ஒரு மலை

பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தால் கோழிக்குஞ்சை மூடி வைக்காத வீடு உண்டா? அமெரிக்காவிலும் அப்படித்தான். பாடும் பறவைகளுக்குப் பரிந்து பேச அங்கே பலர் இருந்தார்கள். பருந்துக்காகப் பேச எவரும் இல்லை. பென்சில்வேனியா மாகாண சர்க்காரே வல்லூறு ஒன்றுக்கு 5 டாலர் என்று தலைக்கு விலை வைத்திருந்தது. இந்தப் பகைக்கு நடுவே துணிந்து புகுந்தவர் ரோசாலி எட்ஜ் அம்மையார்.

1877-ல் நியூயார்க்கில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். துண்டுப் பிரசுரம் எழுதவும், பெரிய மனிதர்களிடம் அஞ்சாமல் பேசவும் கற்றது அந்தப் போராட்டத்திலேதான். பறவை பார்க்கும் ஆசை நடுவயதில் பிடித்துக்கொண்டது. 1929-ல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, புகழ் பெற்ற ஆடுபான் பறவைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்குப் போய், பறவைகள் அழிவதைச் சங்கம் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். திருப்தியான பதில் வரவில்லை. தாமே ஓர் அவசரக் குழு தொடங்கினார். அங்கத்தினர் பட்டியலைப் பெறுவதற்காகச் சங்கத்தின் மீது வழக்கும் தொடுத்தார்.

அப்பலேச்சிய மலைத்தொடரில் ஒரு நீண்ட முகடு. இலையுதிர் காலத்தில் காற்று அதில் மோதி மேலே எழும்பும். தெற்கே போகும் பருந்துகளும் கழுகுகளும் அந்தக் காற்றில் ஏறி, இறக்கை அசைக்காமலே மிதந்து செல்லும். பாறைமேல் நிற்பவனுக்கு அவை கைக்கெட்டும் தூரம். துப்பாக்கிக்கோ அதைவிட எளிது! விடுமுறை நாட்களில் வேட்டைக்காரர்கள் கூடினார்கள். தின்பதற்கல்ல, பொழுது போக்க. செத்த பறவைகளை வரிசையாகக் கிடத்தி எடுத்த புகைப்படங்கள் அம்மையார் கண்ணில் பட்டன.

சங்கங்களுக்காக அவர் காத்திருக்கவில்லை. 1934-ல் 500 டாலர் கொடுத்து, சுமார் 1,400 ஏக்கர் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். மாரிஸ் புரூன் என்ற பறவை அன்பரையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். துப்பாக்கியோடு வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. பிறகு நிலத்தையே விலைக்கு வாங்கி, 1938-ல் ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தார். வேட்டையாடும் பறவைகளுக்கென்று உலகில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அதுவே.

புரூன் காவல் காத்ததோடு நிற்காமல், கடந்து செல்லும் ஒவ்வொரு பறவையையும் எண்ணிக் குறித்து வைத்தார். யுத்த காலத்தில் நின்றுபோன கணக்கு மீண்டும் தொடர்ந்தது. பின்னாளில் சம்பளம் வாங்காத தொண்டர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். இன்றும் பாறைமேல் குளிரில் அமர்ந்து எண்ணுகிறார்கள். வீண் வேலை என்று தோன்றும்! 1935 முதல் 1939 வரை அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளங்கழுகுகள். 1955 முதல் 1959 வரை 20 மட்டுமே. குஞ்சுகள் எங்கே போயின? 1962-ல் ரேச்சல் கார்சன் டி.டி.டி. மருந்தின் கேட்டை எடுத்துரைத்த நூலில் இந்தக் கணக்கும் ஒரு சாட்சியாயிற்று. 1972-ல் அமெரிக்கா அம்மருந்தைத் தடை செய்தது. வெண்தலைக் கழுகு மீண்டும் பெருகி, 2007-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது.

அதைக் காண அம்மையார் இல்லை. 1962 நவம்பரில், 85 வயதில், அதே ஆடுபான் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனார். அங்கத்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி அவர் காலமானார்.