யாலயைக் காத்த போர்க்கைதி

யாலக் காட்டின் முதல் காவலர் ஒரு போர்க்கைதி. சிறுத்தை பார்க்க ஜீப்பில் போய்வரும் பலருக்கு அது தெரியாது. அவர் பெயர் ஹென்றி எங்கல்பிரெக்ட். தென்னாபிரிக்காவில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட போயர் இனத்தவர்.

1900 முதல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போயர் கைதிகள் கப்பலில் ஏற்றப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். தியத்தலாவையில் பெரிய முகாம் இருந்தது. 1902இல் போர் முடிந்தபோது, பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் தெரிவித்து உறுதியெடுத்தவர்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். பெரும்பாலானோர் உறுதியெடுத்தனர். மறுத்த ஒரு சிலரில் எங்கல்பிரெக்டும் ஒருவர். அவர் அம்பாந்தோட்டையில் தங்கிவிட்டார்.

1908இல் அதே பிரித்தானிய அரசு அவரை யாலக் காவலராக்கியது. அந்தக் காட்டின் கதையும் முரண்பாடானதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானையைச் சுட்டால் அரசே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் எமது வட மாகாணத்தில் மட்டும் சுமார் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் தனியொருவராக 1,400 யானைகள்வரை சுட்டதாகச் சொல்வார்கள். சுட்டுச் சுட்டு விலங்குகள் அருகியபின், வெள்ளைக்கார வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாரும் 1894இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கச் சங்கம் அமைத்தனர். 1900இல் யால சரணாலயமானது. அதை ஒட்டியே உரிமம் பெற்ற வேட்டைக்காரருக்கென ஓர் ஒதுக்கிடமும் இருந்தது.

காட்டைக் காப்பாற்றியவர்கள் வேட்டைக்காரர்களே என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் இந்த வரலாற்றை வாசிக்கும்போது கண்ணில் படுவது வேறு. கொம்புக்காகச் சுட்ட துரை வேட்டை வீரர். கறிக்காகச் சுட்ட கிராமத்தவர் கள்ள வேட்டைக்காரர். அந்தக் கிராமத்தவரைப் பிடிக்கும் வேலைதான் நாடு திரும்ப முடியாத கைதிக்குக் கிடைத்தது. அதை அவர் கண்டிப்பாகச் செய்தார்.

1914இல் சென்னையில் குண்டுவீசிய எம்டன் கப்பல் இந்தப் பக்கக் கடலில் திரிந்தது. அதற்கு எங்கல்பிரெக்ட் இறைச்சி கொடுத்தார் என்று கதை பரவியது. நிரூபணம் எதுவுமில்லாமல் மூன்று மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடியும் காட்டுக்கே போனார். சந்தேகத்தின் பேரில் உள்ளே போய் வந்தவர்கள் இருக்கும் வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை.

1922இல் அம்பாந்தோட்டையிலேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஊரை அவர் திரும்பப் பார்க்கவில்லை. 1938இல் யால தேசியப் பூங்காவானது. வேட்டை ஒதுக்கிடங்களும் காலப்போக்கில் அதனுடன் சேர்ந்தன.

அவருடைய தென்னாபிரிக்காவில் பணம் கட்டி விலங்கைச் சுட்டுத் தலையைக் கொண்டுபோகும் வேட்டை இன்றும் சட்டபூர்வமானது. அந்தப் பணம் காட்டைக் காக்கிறது என்கிறார்கள் ஒரு சாரார். கொலையை விற்பனை செய்வதா என்கிறார்கள் மறுசாரார். இரு தரப்பையும் கேட்கும்போது நான் தேடுவது, காட்டோரத்தில் யானைக்கும் அதிகாரிக்கும் நடுவே வாழும் குடும்பத்தின் குரலை. மீள்குடியேறிய தம் காணியில் வன எல்லைக்கல்லைக் கண்ட வன்னி மக்களும் அதையேதான் கேட்கிறார்கள்: கோடு போடும்போது எங்களிடம் யார் கேட்டார்கள்?