சத்தியம் செய்ய மறுத்த வக்கீல்

1861-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி நள்ளிரவு. அமெரிக்காவில் உள்ள பால்டிமோர் நகரில், ஒரு வக்கீலின் வீட்டுக்கு சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள்.

அவர் பெயர் செவர்ன் டீக்கிள் வாலிஸ். வயது 45. கல்யாணம் ஆகாதவர். மேரிலாந்து மாநில சட்டசபை அங்கத்தினர். சட்டசபையில் ஒரு கண்டனத் தீர்மானம் எழுதியவர்.

வக்கீல் ஆனார்

வாலிஸ் 1816-ல் பால்டிமோரில் பிறந்தார். சட்டம் படித்தார். ஸ்பானிய மொழியையும் கற்றார். ஸ்பெயின் நாட்டைச் சுற்றிப் பார்த்து, அதைப்பற்றிப் புத்தகங்கள் எழுதினார்.

பால்டிமோரில் அப்போது தேர்தல் என்றால் அடிதடிதான். ஓட்டுப்போட வந்தவர்களை அடியாட்கள் விரட்டி அடித்தார்கள். அதை எதிர்த்துப் போராடியவர்களில் வாலிசும் ஒருவர்.

பட்டாளம் வந்தது

1861-ல் தென் மாநிலங்கள் பிரிந்து போயின. உள்நாட்டுப் போர் மூண்டது.

தலைநகரான வாஷிங்டனின் ஒரு பக்கம் வர்ஜீனியா, மற்ற பக்கங்களில் மேரிலாந்து. மேரிலாந்தும் பிரிந்தால் தலைநகரம் எதிரிகளின் நடுவில் சிக்கிக்கொள்ளும். ஜனாதிபதி லிங்கனின் கவலை அதுதான்.

ஏப்ரல் 19-ந் தேதி, தலைநகரைக் காக்கச் சென்ற பட்டாளத்தின்மீது பால்டிமோரில் ஒரு கூட்டம் கல் வீசியது. துப்பாக்கி வெடித்தது. சிப்பாய்கள் 4 பேரும், ஊர்க்காரர்கள் 12 பேரும் மாண்டார்கள்.

பிறகு மாநிலத் தலைநகரான அன்னாபொலிசில் பட்டாளம் புகுந்தது. அதனால் சட்டசபை பிரெடரிக் என்ற ஊரில் கூடியது.

பிரிந்து போகச் சட்டம் செய்யும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று, கீழ்சபையில் 53 பேர் ஓட்டுப் போட்டார்கள். 13 பேர்தான் எதிர்த்தார்கள்.

ஆனால் பட்டாளம் வந்து உட்கார்ந்ததை அவர்கள் ஏற்கவில்லை. சபையின் குழுவுக்கு வாலிஸ் தலைவர். போரை நிறுத்தவேண்டும், தெற்கைப் போக விடவேண்டும், மேரிலாந்தைப் பட்டாளம் பிடித்து வைத்திருப்பது தவறு என்று அவர் எழுதினார். மே மாதம் சபை அதை ஏற்றது.

சில நாட்களில் பால்டிமோர் குன்றின்மேலும் பீரங்கிகள் ஏறின! அவை ஊரைப் பார்த்தபடி நின்றன.

கோட்டையில் கைதி

செப்டம்பர் 17-ந் தேதி சட்டசபை மறுபடி கூட இருந்தது. இந்தத் தடவை பிரிவினைத் தீர்மானம் வந்துவிடும் என்று சர்க்கார் பயந்தது. அதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். நகர மேயரும் தப்பவில்லை. சபை கூடப் போதிய ஆள் இல்லை.

வாலிசை முதலில் மெக்கென்றி கோட்டையில் அடைத்தார்கள். 1814-ல் அந்தக் கோட்டையில் பறந்த கொடியைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் ஸ்காட் கீ அமெரிக்க தேசிய கீதத்தை எழுதினார். அவருடைய பேரன், பத்திரிகை ஆசிரியர் ஹோவர்டும் அன்று அங்கே கைதி!

பிறகு நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கோட்டை. அங்கே பீரங்கிகளுக்கு நடுவில் படுக்கை. அப்புறம் பாஸ்டன் துறைமுகத்தில் வாரன் கோட்டை.

குற்றச்சாட்டு இல்லை. விசாரணை இல்லை. விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தால் விடுதலை என்றார்கள். உடன் இருந்த சிலர் செய்துவிட்டுப் போனார்கள். சத்தியம் செய்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்பது வாலிசின் பிடிவாதம். மறுத்தார்.

14 மாதங்கள் கழிந்தன. 1862 நவம்பர் 27-ந் தேதி, நிபந்தனை இல்லாமலே விட்டார்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அன்று மேரிலாந்தில் 87 ஆயிரம் அடிமைகள் இருந்தார்கள். வாலிஸ் கேட்ட உரிமையில் அவர்களுக்குப் பங்கு இல்லை. 1864 நவம்பர் 1-ந் தேதி வந்த புதிய மாநில அரசியல் சட்டம்தான் அவர்களுக்கு விடுதலை தந்தது.

வீடு திரும்பியவர் மறுபடி கோர்ட்டுக்குப் போனார். 1870-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவி கிடைத்தது. 1875-ல் மாநில அட்டர்னி ஜெனரல் தேர்தலில் நின்று தோற்றார்.

1894-ல் காலமானார். 1906-ல் பால்டிமோரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.