அலீஸ் மிலியா அம்மையார்

காவிரியின் கிளையாறுகள் பாய்ந்து வளங்கொழிக்கும் குடவாசல் வட்டாரத்தில், வரப்பின்மீது ஓடியும் வாய்க்காலைத் தாண்டியும் விளையாடும் சிறுமியரைக் காணலாம். இவ்வாற்றலை முறைப்படுத்தி ஓட்டக்களத்திற்குக் கொணர்ந்தால், அதுவே தடை தாண்டும் ஓட்டமாகும். உயர எழும்பிக் குதிப்பது இதன் இலக்கணம் அன்று. வரிசையாய் நிறுத்திய தடைகளை ஓட்டத்தின் வேகம் குன்றாமல் கடப்பதே ஆகும். இத்தகைய போட்டிகள் இன்று பெண்களுக்கும் உரியனவாக விளங்குகின்றன. ஆயினும், நூறாண்டுகளுக்கு முன்னர் ஒலிம்பிக் பெருவிழாவின் ஓட்டக்களம் பெண்களுக்கு அடைபட்டே கிடந்தது. அக்கதவைத் திறக்கப் பாடுபட்டவருள் தலையாயவர் அலீஸ் மிலியா அம்மையார்.

அம்மையார் பிரான்சு நாட்டின் நாந்து நகரில் 1884ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் இங்கிலாந்து சென்றார்; 1904இல் அங்கே மணம் புரிந்தார். நான்கே ஆண்டுகளில் கணவரை இழந்தார். மக்கட்பேறும் வாய்க்கவில்லை. எனினும் அவர் துயரில் அமிழ்ந்துவிடவில்லை. பல மொழிகளைக் கற்று, மொழிபெயர்ப்புத் தொழிலால் தம் வாழ்வை நடத்தினார். படகு வலித்தலில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். பாரிசில் பெண்கள் விளையாட்டுக் கழகம் ஒன்றிற்குத் தலைமை தாங்கினார். 1919இல் பிரான்சு நாட்டுப் பெண்கள் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவரானார்.

அவ்வாண்டிலேயே, ஒலிம்பிக் ஓட்டக்களத்தில் பெண்களுக்கும் இடம் அளிக்குமாறு அனைத்துலக ஒலிம்பிக் குழுவை வேண்டினார். குழுவினர் மறுத்தனர். ஓட்டமும் தாண்டலும் பெண்ணின் உடலுக்கும் மென்மைக்கும் ஒவ்வா என்பது அக்காலத்துப் பெரியோர் பலரின் எண்ணம். அம்மையார் வாதிட்டுக் காலம் போக்கவில்லை; செய்து காட்டத் துணிந்தார். பல நாட்டுப் பெண்கள் கழகங்களை ஒன்றுகூட்டி, 1921இல் அனைத்துலகப் பெண்கள் விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவினார். அவர் கற்ற மொழிகள் இப்பணிக்குப் பெருந்துணை புரிந்தன.

1922ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், பாரிசில் பெண்களுக்கெனத் தனி ஒலிம்பிக் விழா நடைபெற்றது. ஐந்து நாடுகளிலிருந்து வீராங்கனையர் வந்தனர். 100 கெசத் தடை ஓட்டம் உள்ளிட்ட 11 போட்டிகள் ஒரே நாளில் நடந்தேறின. அவற்றைக் காண ஏறத்தாழ 20,000 மக்கள் திரண்டனர். பெண்களால் இயலாது என்றோர்க்கு அக்களமே விடையாயிற்று.

இவ்விழாவின் சிறப்பு ஒலிம்பிக் குழுவினரை உறுத்தியது. ஒலிம்பிக் என்னும் பெயரைக் கைவிடுமாறு அவர்கள் வற்புறுத்தினர். அம்மையார் பெயரை விட்டுக் கொடுத்தார். அதற்கு ஈடாக 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஓட்டக்களப் போட்டிகளைப் பெற்றார். அவர் வேண்டியவை பத்து, கிடைத்தவையோ ஐந்து. அவ்வைந்தனுள் தடை ஓட்டம் இல்லை. இருப்பினும் அவர் நடத்திய விழா, பெண்கள் உலக விளையாட்டு விழா என்னும் பெயரில் 1926, 1930, 1934 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்தது. 1932இல் பெண்களுக்கான 80 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

அவ்வழியில் நம் நாட்டினரும் நடந்தனர். 1952இல் எல்சிங்கி நகரில் நீலிமா கோஷ் அதே 80 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்து கொண்டார். 1984இல் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூற்றில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். 2023ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ், உஷாவின் 55.42 நொடிச் சாதனையை எட்டிப் பிடித்து, அப்போட்டியில் வெண்கலமும் வென்றார்.

அம்மையாரின் கூட்டமைப்பு 1936இல் மறைந்தது. அவரும் பொதுவாழ்விலிருந்து விலகினார். 1957இல் பாரிசில் உயிர்நீத்தார். அவரது அரும்பணியை உரைக்கும் சொல் ஒன்றும் நெடுங்காலம் அவர் கல்லறையில் இல்லை. 2021இல்தான் பிரான்சு ஒலிம்பிக் குழுவின் தலைமையகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடங்களைச் சமமாக ஒதுக்கிய ஒலிம்பிக் விழா, 2024இல் அதே பாரிசு நகரில் நடைபெற்றது.

ஓடி வெல்வோரை உலகம் அறியும்; களம் அமைத்தோரை எளிதில் மறக்கும். பெயரை இழந்தும் பயனைப் பெற்றுத் தந்தவர் மிலியா அம்மையார். குடவாசலில் வாய்க்காலைத் தாண்டும் சிறுமி, நாளை ஓட்டக்களத்தில் தடையைத் தாண்டுவாளாயின், அக்களத்தில் அவளுக்கு முன்னரே ஒரு பெருந்தடையை அகற்றிச் சென்றவர் அவர் என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.