ஏர்வாடி நாயகம் செய்யிது இப்ராஹீம் ஷஹீது (ரஹ்)

ஏர்வாடி என்றதும் நம் இல்லங்களில் பைத்தியம் தெளியும் இடம் என்றே பேசுவர். அங்கே அடங்கியிருக்கும் ஹஜ்ரத் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது (ரஹ்) அவர்களின் வாழ்வை அறிந்தோர் மிகச் சிலரே.

அன்னார் கி.பி. 12-ம் நூற்றாண்டில் மதீனா முனவ்வராவில் நபிகுலத்தில் தோன்றியவர்கள் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. பெருமானார் (ஸல்) அவர்களைக் கனவிற் கண்டு, தீனை எடுத்துரைக்கும் பொருட்டுப் பிறந்த மண்ணைத் துறந்து, உறவினரோடும் தோழர்களோடும் பாண்டிநாடு போந்தார்கள். பவுத்திரமாணிக்கப்பட்டினத்தில் விக்கிரம பாண்டியனோடு போர் மூண்டது. வெற்றி கிட்டிற்று, சில காலம் அங்கே ஆட்சியும் புரிந்தார்கள். பின்னர் பாண்டியன் படை திரட்டி மீண்டு வந்தான். அருமை மைந்தர் அபூதாஹிர் (ரஹ்) ஷஹீதானார்கள்; தந்தையும் ஷஹீதானார்கள். வண்ணக்களஞ்சியப் புலவர் இதைத் ‘தீன் விளக்கம்’ என்னும் காப்பியமாகப் பாடி வைத்தார்.

இந்த வாழ்வில் தியாகம் இருக்கிறது, வீரம் இருக்கிறது, மகனை இழந்த தந்தையின் பொறுமை இருக்கிறது. நோயாளியின் காலில் பூட்டும் சங்கிலி எங்கேயாவது இருக்கிறதா? நாம் தேடிப் பார்த்தோம், காணவில்லை. அது பிற்காலத்தார் கொண்டுவந்தது. 2001 ஆகஸ்ட் 6-ம் நாள் அதிகாலை, தர்ஹாவுக்கு அருகே தனியார் நடத்திய கீற்றுக்கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மடிந்தனர். அதன்பின் அரசு அத்தகைய விடுதிகளை மூடிற்று. வலியுல்லாஹ்வின் பெயரால் பிழைப்பு நடத்தியோர் செய்ததற்கு வலியுல்லாஹ் பொறுப்பாவார்களா?

துஆ வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஷிபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் நம் பெருமானாரே (ஸல்). தருமபுரி வத்தல்மலை போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டிச் சுமந்து மலையிறங்கிய காலம் உண்டு. அத்தகையோர் மருத்துவமின்றித் தவித்தால் அவர்கள் மீது குற்றமில்லை. தெருமுனையில் ஆஸ்பத்திரி இருந்தும், பிள்ளைக்குப் பேய் பிடித்ததென்று மாதக்கணக்கில் தாயத்தோடு வைத்திருக்கும் வாப்பாமார், மறுமையில் என்ன பதில் சொல்வார்கள்?

ஏர்வாடியில் இப்போது அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கின்றனர். ஜியாரத் முடித்து வருவோர் அவர்களிடம் மாத்திரையும் வாங்கிச் செல்கின்றனர்.