செவியும் நாவும்: மருத்துவர் லாங்டன் டவுனின் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

மரபியல் வகுப்பில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடும் நிலையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். தோழியர் குறிப்பெடுத்தனர். நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மூன்றாவது குரோமோசோம் எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாக ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறது. அவன் என் தம்பி. அவனுடைய நிலைக்குப் பெயர் தந்த டவுன் என்பவர் யார் என்று அறியும் ஆவல் அன்றுதான் எனக்குப் பிறந்தது.

ஜான் லாங்டன் டவுன் 1828ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டார்பாயிண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மருந்தும் மளிகையும் விற்கும் கடை வைத்திருந்தார். பதினான்கு வயது வாக்கில் படிப்பை விட்டுவிட்டுச் சிறுவன் டவுன் கடையில் நின்றான். பதினெட்டு வயதில் ஒருமுறை குடும்பத்தோடு வெளியே சென்றபோது மழை வந்தது. ஒதுங்கிய குடிசையில் அறிவு வளர்ச்சி குன்றிய பெண் ஒருத்தி அவர்களுக்குப் பணிவிடை செய்தாள். இவளுக்கு உதவ வழியே இல்லையா என்ற கேள்வி அன்று அவர் உள்ளத்தில் விழுந்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

இலண்டன் சென்று மருந்தியல் பயின்றார். தந்தை இறந்தபின், 1853இல் இலண்டன் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, 1856இல் மருத்துவரானார். பெரிய மருத்துவமனையில் புகழும் பொருளும் காத்திருந்தன. அவரோ 1858இல் சர்ரே மாவட்டத்து எர்ல்ஸ்வுட் இல்லத்தின் மருத்துவக் கண்காணிப்பாளர் பதவியை ஏற்றார். அறிவிலிகள் இல்லம் என்றே அதற்கு அன்று பெயர். அங்கே அவர் அடி உதைகளை நிறுத்தினார், தூய்மையைக் கொண்டுவந்தார், பிள்ளைகள் மேசையில் அமர்ந்து முறையாக உண்ணப் பழக்கினார், தச்சு, தையல் போன்ற கைத்தொழில்களைக் கற்பித்தார். 1860இல் மணந்த மேரி கிரெலின் அம்மையார் அவருடைய பணியில் பாதியைத் தம் தோளில் தாங்கினார்.

எர்ல்ஸ்வுட்டில் ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்றொருவர் இருந்தார். காதும் கேளாது, பேச்சும் வராது. ஆனால் அவர் செய்த கப்பல் மாதிரிகள் காண்போரை மலைக்க வைத்தன. அவரை அறிவிலி என்று உலகம் முடிவு கட்டியதில் அறிவின் குறை எவ்வளவு, செவியின் குறை எவ்வளவு என்று யார் அளந்து சொல்ல முடியும்?

1866இல் டவுன் எழுதிய சிறு கட்டுரைதான் அவர் பெயரை நிலைக்கச் செய்தது. இல்லத்துப் பிள்ளைகள் சிலர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒருவரையொருவர் ஒத்திருப்பதை அவர் கண்டார். கண், மூக்கு, நாக்கு, தோல் என ஒவ்வொன்றாக உற்று நோக்கி எழுதினார். அவர்களின் நகைச்சுவையையும், பிறரைப் போல நடித்துக்காட்டும் திறனையும்கூட மறவாமல் குறித்தார். முகச் சாயலை வைத்து மங்கோலிய இனத்தின் பெயரை அவர்களுக்குச் சூட்டியது அவர் செய்த பிழை. 1959இல் பிரெஞ்சு அறிஞர் லெஜூன் முதலியோர் குரோமோசோம் காரணத்தை வெளியிட்டனர். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று 1965இல் உலக நல நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது.

1867இல் பாரிசில் நடந்த கண்காட்சியில் தம் பிள்ளைகளின் கைவேலைகளை டவுன் காட்சிக்கு வைத்தார். அதன் செலவை இல்லத்து நிர்வாகக் குழு ஏற்க மறுத்தது. மனம் கசந்த அவர் 1868இல் விலகி, டெடிங்டன் அருகே நார்மன்ஸ்ஃபீல்டு என்ற சொந்த இல்லத்தைத் தொடங்கினார். சில பிள்ளைகளோடு தொடங்கிய அது நூற்றுக்கு மேற்பட்டோருக்கு வீடாக வளர்ந்தது. 1879இல் அவர்களுக்காக ஒரு நாடக அரங்கையே கட்டினார். 1896 அக்டோபர் 7ஆம் நாள் அவர் மறைந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1905இல், அவருடைய மகன் வீட்டில் பிறந்த பேரக்குழந்தைக்கே அந்நிலை இருந்தது!

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இப்பிள்ளைகளின் பேச்சு தடித்துத் தெளிவின்றி இருப்பதையும், நாவுக்குப் பயிற்சி தந்தால் அது பெரிதும் திருந்தும் என்பதையும் டவுன் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது என் கண் கலங்கியது. நாங்களும் நாவைத்தான் பார்த்தோம். தம்பிக்கு நான்கு வயதாகியும் நாலைந்து சொற்களே வந்தன. பாட்டி வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து அவன் நாவில் தடவினார். காட்டிய மருத்துவர் ஒருவர், இத்தகைய பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கூறி அனுப்பிவிட்டார். குக்கர் கூவினால் திரும்பிப் பார்க்கிறானே, காதில் என்ன குறை இருக்கும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஐந்தாம் வயதில் சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் வற்புறுத்தியதால் செவிச்சோதனை செய்தோம். இரு செவிப்பறைகளுக்கும் பின்னே நீர் கோத்திருந்தது. குக்கர் ஒலி கேட்கும். ஆனால் கல், பல், சொல் எல்லாம் அவனுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே கேட்டிருக்கும். காதில் தெளிவாக விழாத சொல் நாவில் எப்படி வரும்?

இப்பிள்ளைகளுக்குக் காதின் துளை குறுகலானது. அதனால் குறும்பி எளிதில் அடைத்துக்கொள்ளும். செவிப்பறையைப் பார்ப்பதும் கடினம். நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழலும் குறுகலானது. அதைத் திறக்கும் தசைகளும் தளர்ந்தவை. சளி பிடித்தால் நடுச்செவியில் நீர் தேங்கிவிடும். பெரும்பாலும் வலி இராது. ஆகவே குழந்தை அழாது. இப்பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் கேள்விக்குறை ஏற்படுகிறது. தேங்கும் நீர் வரும், போகும். எனவே பிறந்தபோது செய்த சோதனையில் தேறிய குழந்தை மறு ஆண்டும் தேறும் என்று சொல்ல இயலாது. பிறந்தவுடன் ஒருமுறை, முதல் ஆண்டுக்குள் மறுமுறை, பிறகு சிறு வயது முழுதும் ஆறு மாதத்திற்கு ஒருமுறையோ, குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையோ, குறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சோதிக்க வேண்டும்.

இதற்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. காதில் சிறு முனையை வைத்துச் செவிப்பறையின் அசைவை அளக்கலாம். உறங்கும்போது தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலி மூளைக்குச் செல்வதைப் பெரா சோதனையால் அறியலாம். குறை கண்டால் குறும்பி எடுப்பது, செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவது, கேட்பதற்குக் கருவி அணிவிப்பது எனப் பல வழிகள் உண்டு.

டவுனின் காலத்தில் இக்கருவிகள் இல்லை. நம்மிடம் இருக்கின்றன. கருவி அணிந்த முதல் வாரத்தில் தம்பி குழாயில் நீர் சொட்டும் ஓசையைக் கேட்டு நெடுநேரம் அங்கேயே நின்றான். இன்று என்னை அக்கா என்று தெளிவாக அழைக்கிறான். ஆனால் இழந்த அந்த ஐந்து ஆண்டுகளை எவரும் மீட்டுத் தர முடியாது.

நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாவோம், பெற்றோராவோம். இத்தகைய பிள்ளை ஒன்றைக் கண்டால், அவர்கள் அப்படித்தான் என்ற சொல் நம் வாயில் வராதிருக்கட்டும். அச்சொல்லை ஏற்க மறுத்ததே டவுனின் பெருமை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நாம் தொடங்க வேண்டும். முதலில் செவியைச் சோதிப்போம்.