ரேடியோ இன்ஜின், வெந்நீர் டப்பா டேங்க்... ஹோண்டா ஆரம்பிச்சது இப்படித்தான்!

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. துருப்பிடிச்ச பழைய ஸ்போர்ட்ஸ் கார், திறந்த பானட், செயின்ல தொங்கிக்கிட்டே உள்ளே இறங்குற புது இன்ஜின். அடுத்த கட்ல கார் உறுமிக்கிட்டுப் பறக்கும். முப்பது செகண்டுல முடிஞ்சிடும். ஆனா, அந்த இரண்டு கட்டுக்கும் நடுவுலதான் பணமும் தூக்கமும் காணாமப் போகும். அது மட்டும் ரீல்ஸ்ல வராது.

அந்த நடுப்பகுதியிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த ஒருத்தரின் பெயர் இன்றைக்கு உங்க தெருவுல குறைஞ்சது பத்து வண்டியிலயாவது இருக்கும். சொய்ச்சிரோ ஹோண்டா.

1906-ல் ஜப்பானின் ஹமமட்சு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா இரும்புப் பட்டறை வைத்திருந்தார். பிறகு சைக்கிள் ரிப்பேரும் சேர்ந்துகொண்டது. ஊருக்குள் முதன்முதலாக ஒரு கார் வந்தபோது சிறுவன் ஹோண்டா அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறார். தரையில் சொட்டிய ஆயிலை மோந்து பார்த்து மயங்கியவர் அவர். பத்து வயதில், அமெரிக்க விமானி ஒருவரின் சாகசத்தைப் பார்க்க அப்பாவின் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார். கால் எட்டாத சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு 20 கிலோமீட்டர்! டிக்கெட்டுக்குக் காசு பத்தவில்லை. மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

பதினைந்து வயதில் டோக்கியோவின் 'ஆர்ட் ஷோகாய்' ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். கார் ரிப்பேர் கத்துக்கலாம்னு வந்த பையனுக்குக் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. மாதக்கணக்கில் அதுதான். 1923 செப்டம்பரில் டோக்கியோவைச் சிதைத்த பெரும் பூகம்பம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்த பல பேர் ஊருக்குக் கிளம்பிவிட, ஹோண்டா தங்கிவிட்டார். தீயில் கருகிய கார்களைத் திரும்ப ஓடவைக்கும் வேலை குவிந்து கிடந்தது. கைத்தொழில் முழுசாக அப்போதுதான் படிந்தது.

அடுத்ததாக அந்த ஒர்க்‌ஷாப் செய்ததுதான் நமக்கு முக்கியம். முதலாளி யூஸோ சகாகிபாராவுக்கு ரேஸ் கார் ஆசை. ரெடிமேடாக வாங்கும் வசதி இல்லை. எனவே, அமெரிக்காவின் 'மிட்செல்' காரின் சேஸியை எடுத்தார்கள். அதில் 'கர்ட்டிஸ்' விமானத்தின் இன்ஜினைப் பொருத்த முடிவு செய்தார்கள். வி8 இன்ஜின், எட்டு லிட்டருக்கும் மேலே கொள்ளளவு, சுமார் 90 குதிரைத்திறன்.

கேட்க ஜோராக இருக்கும். ஆனா, யோசிச்சுப் பாருங்க. விமான இன்ஜின் நேராக விசிறியைச் சுற்றுகிற பொருள். கிளட்ச் கிடையாது, கியரும் கிடையாது. வானத்தில் எதிர்க்காற்று தாராளமாக வந்து ரேடியேட்டரைக் குளிரவைக்கும். காரில் அதுக்கு வழி செய்யணும். இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே தன் முழு பலத்தையும் காட்டிவிடும். அதற்கேற்ற மாதிரி சக்கரத்துக்கு வேகத்தைக் கொண்டுபோகணும். வெயிட் மொத்தமும் முன்பக்கம் குவியும் என்பது தனிக்கதை. பட்ஜெட்டில் இன்ஜின் மாற்றுபவர்கள் இன்றைக்கும் சிக்கிக்கொள்வது இதே இடத்தில்தான். இன்ஜின் மலிவாகக் கிடைத்துவிடும். அதைத் தாங்குகிற பிராக்கெட், கியர்பாக்ஸோடு இணைக்கிற தட்டு, கூலிங், பிரேக் எல்லாம் சேர்ந்து பர்ஸைக் காலி பண்ணும். சகாகிபாராவின் ஆட்களிடம் காசு இல்லை, நேரமும் கையும் இருந்தன. பகலில் ரிப்பேர் வேலை, ராத்திரியில் ரேஸ் கார்.

1924 நவம்பர் 23 அன்று அந்தக் கார் ரேஸில் ஓடியது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்து சீட்டில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர், அதற்கு ஆறு நாள் முன்னாடிதான் 18 வயதைத் தொட்ட ஹோண்டா. ஜெயிச்சாங்க!

பிறகு ஹமமட்சுவில் தனக்கென ஒரு கிளையைத் தொடங்கினார். மரத்தால் ஆன சக்கர ஆரங்களுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு ஆரங்களைச் செய்து பேட்டன்ட் வாங்கினார். ரேஸ் பித்து மட்டும் விடவில்லை. ஃபோர்டு இன்ஜினில் சூப்பர்சார்ஜர் பொருத்தி இன்னொரு கார் செய்தார். 1936 ஜூனில் டமகாவா டிராக்கில் அந்தக் கார் இன்னொரு காரில் மோதி உருண்டது. அவரும் கூட இருந்த தம்பி பெஞ்சிரோவும் தூக்கி வீசப்பட்டார்கள். தம்பிக்கு முதுகெலும்பில் பலத்த அடி. ஒர்க்‌ஷாப்பில் செய்கிற ஸ்பீடுக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த பத்து வருஷத்தை வேகமாகத் தாண்டிடலாம். பிஸ்டன் ரிங் கம்பெனி தொடங்கினார். செய்த ரிங்குகள் சரியாக வராததால் கல்லூரியில் போய் உட்கார்ந்து உலோகம் பற்றிப் படித்தார். பரீட்சை எழுதாததால் வெளியே அனுப்பினார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. 1945-ல் இன்னொரு பூகம்பம் ஒரு தொழிற்சாலையைச் சாய்த்தது. போர் முடிந்ததும் கம்பெனியை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, ஒரு டிரம் நிறைய ஆல்கஹால் வாங்கி வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருஷம் சும்மா இருந்தார்.

1946-ல் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு குட்டி இன்ஜின் கண்ணில் பட்டது. ராணுவத்தின் ரேடியோ கருவிக்கு மின்சாரம் தயாரிப்பதற்காகச் செய்யப்பட்டது. போர் முடிந்ததால் யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தது. ஹோண்டாவுக்கு உடனே தோன்றியது சைக்கிள்தான். ரயில்களில் கால் வைக்க இடமில்லை. பெட்ரோலுக்கு ரேஷன். அவர் மனைவி சாச்சியும் சாப்பாட்டுப் பொருள் தேடி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார்.

முதல் மாடலுக்குப் பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க ஜப்பான் வீடுகளில் வைக்கிற வெந்நீர் டப்பா! இன்ஜினை முன்சக்கரத்துக்கு மேலே வைத்து, உருளையால் டயரை உரசிச் சுற்றவைத்தார். டயர் சீக்கிரமே தேய்ந்தது. பிரேமுக்குள் இன்ஜினை இறக்கி, பெல்ட் மூலமாகப் பின்சக்கரத்தை ஓடவிட்டார்.

டெஸ்ட் டிரைவர், சாச்சி. இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு ஹமமட்சுவின் நெரிசலான தெருக்களில் ஓட்டிவிட்டு வந்தார். உடை முழுக்க எண்ணெய்! கார்ப்பரேட்டரிலிருந்து திரும்பத் தெறித்ததுதான் காரணம். ஹோண்டா அதைச் சரிபண்ணினார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான டெஸ்ட் இதுதான். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் கைதட்டிவிடுவார்கள். வண்டியைக் காதலிக்காத ஒருத்தர் அதை மார்க்கெட் வரைக்கும் ஓட்டிவிட்டு வரும்போதுதான் பாக்கி வேலை தெரியும்.

கைக்குக் கிடைத்த சுமார் 500 இன்ஜின்களையும் அப்படியே மாட்டி விற்கவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, சரிசெய்து, மறுபடி கோத்து, ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார். பெட்ரோல் பற்றாக்குறைக்குப் பைன் மரத்து எண்ணெயைக் கலந்து சமாளித்தார். நகோயா, ஒசாகாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் தேடி வந்தார்கள்.

சிக்கல் எங்கே வந்ததுன்னா, இன்ஜின் தீர்ந்துபோச்சு. அடுத்தவர் இன்ஜினை நம்பி ஓடுகிற கடை, அது தீர்ந்த அன்றைக்கு மூடணும். இல்லைன்னா சொந்தமா செய்யணும். முதல் முயற்சி சொதப்பல். புகைபோக்கி மாதிரி உயரமான சிலிண்டரோடு ஒன்றை வடிவமைத்தார். அன்றைக்குக் கிடைத்த உலோகமும் கருவிகளும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1947-ல் 'ஏ டைப்' வந்தது, ஹோண்டா பெயர் தாங்கிய முதல் இன்ஜின். அடுத்த வருஷமே ஹோண்டா மோட்டார் கம்பெனி. 1958-ல் சூப்பர் கப். 1961-ல் ஐல் ஆஃப் மேன் ரேஸ் வெற்றிகள். நம்ம ஊர் ஹீரோ ஹோண்டா 1984-ல் உருவான கூட்டணி.

இதைப் படிச்சிட்டு இன்றைக்கே ஸ்பேனரைத் தூக்க வேண்டாம் பாஸ். இங்கே இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ அனுமதி, ஆர்.சி புக்கில் திருத்தம் எல்லாம் வேணும். இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் சட்டப்படி சிக்கல். இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும்.

1963-ல் ஹோண்டா கம்பெனி தன் முதல் ஸ்போர்ட்ஸ் கார் எஸ்500-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெறும் 531 சிசி. கர்ட்டிஸின் 1,400 சுற்று எங்கே, இதன் 8,000 எங்கே! சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோக பைக் மாதிரி செயின். பைக்காரரின் கைவண்ணம் மறையவே இல்லை.

1973-ல் பதவியைவிட்டு விலகினார். 1991 ஆகஸ்ட் 5 அன்று காலமானார். கார் செய்கிறவன் சாவு டிராஃபிக் ஜாம் உண்டாக்கக் கூடாது என்பதற்காக, கம்பெனி சார்பில் பெரிய இறுதிச்சடங்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

அந்த விமான இன்ஜின் கார் என்ன ஆச்சு? பத்திரமாக இருக்கிறது. ஜப்பானின் மோடேகியில் இருக்கும் ஹோண்டா மியூசியத்தில்.