பரம் வீர் சக்ரா பெற்ற ஆல்பர்ட் எக்கா

நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று, நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கிறோம். முந்தின நாளே புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, நிலக்கோட்டைச் சந்தையில் பூ வாங்கி வைத்துவிடுகிறோம். மாலையில் மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும்வரை அவரவர் குழியருகே நிற்கிறோம். அப்படி நிற்பதற்கு ஆறடி மண் இல்லாத குடும்பங்களும் உண்டு. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்கள் அவை. கொடைரோடு ரயிலடியில் டிரங்குப் பெட்டியோடு வண்டி ஏறும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்காத காரியமல்ல.

தமிழ்நாட்டில் சில ஊர்களில் முதல் உலகப்போர் நினைவுக் கற்கள் இன்றும் இருக்கின்றன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கையே அவற்றில் காணப்படும், பெயர் காணப்படாது. ஆல்பர்ட் எக்காவுக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. அவருடைய பெயர் நாடெங்கும் எழுதப்பட்டது. கல்லறைதான் வீட்டாருக்கு எட்டாமல் கிடந்தது.

அவர் 1942 டிசம்பர் 27-ஆம் நாள், புனித அருளப்பர் திருநாளன்று, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்த ஜாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜூலியஸ், தாய் மரியம். ஓராவோன் என்னும் ஆதிவாசி இனத்தார். இவர்கள் பேசும் குருக் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழி என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். நாம் கண் என்பதை அவர்களும் ஏறக்குறைய அப்படியே சொல்கிறார்கள். முதலெழுத்தை மட்டும் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்கிறார்கள்.

மதுரை மிஷனில் நம் முன்னோர்க்குப் பிரெஞ்சு தேசத்துச் சேசு சபைக் குருக்கள் எப்படியோ, அப்படியே சோட்டா நாக்பூர் மக்களுக்குப் பெல்ஜியம் தேசத்துக் குருக்கள். 1885-இல் அங்கு சென்ற கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சுவாமி, ஜமீன்தார்களிடம் நிலத்தை இழந்து வெட்டி வேலை செய்து வந்த ஆதிவாசிகளுக்காகக் கோர்ட்டு வழக்குகளில் துணை நின்றார். ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். உடல் நலிந்து ஊர் திரும்பிய அவர் 1893-இல் இறந்தார். அவர் விதைத்த விசுவாசத்தில் வளர்ந்த பிள்ளை ஆல்பர்ட்.

வில்லும் அம்பும் எடுத்துக் காட்டில் வேட்டையாடுவதில் வல்லவர். ஹாக்கியும் நன்றாக ஆடுவார். 1962-இல், தம் இருபதாவது பிறந்த நாளன்று, பீகார் ரெஜிமென்டில் சேர்ந்தார். 1968-இல் கார்ட்ஸ் படைப்பிரிவின் 14-ஆம் பட்டாளம் புதிதாக அமைக்கப்பட்டபோது அதற்கு மாற்றப்பட்டார். பலம்தீன் அம்மையாரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான்.

1971-ஆம் ஆண்டு வந்தது. திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கு மேற்கே சில மைல் தொலைவில், அந்நாளைய கிழக்குப் பாகிஸ்தானில், கங்காசாகர் என்றொரு ரயில் நிலையம். (வங்காளக் கடலோரத்தில் யாத்திரிகர் நீராடும் கங்காசாகர் வேறு.) எதிரிகள் அங்கே பதுங்கு குழிகள் வெட்டி, வலுவாக அரண் அமைத்திருந்தனர். டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். விடியுமுன் நம் படை பாய்ந்தது. குண்டு மழைக்கிடையே கைகலப்பு நடந்தது. இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்று தம் தோழர்களை வரிசையாகச் சாய்ப்பதைக் கண்ட ஆல்பர்ட், அந்தக் குழிக்குள் பாய்ந்து இருவரைத் துப்பாக்கி ஈட்டியால் குத்தி வீழ்த்தினார். அங்கேயே பலத்த காயம். அவர் பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மைல் ஆழம் இருந்த அந்த அரணில் குழி குழியாகத் தோழரோடு முன்னேறினார். வட கோடியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து இன்னொரு இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கிற்று, படை நின்றுவிட்டது. ஆல்பர்ட் இரத்தம் ஒழுகத் தவழ்ந்து போய்க் கையெறி குண்டை வீசினார். ஒருவன் மடிந்தான், ஆனாலும் துப்பாக்கி ஓயவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, சுட்டுக்கொண்டிருந்தவனை வீழ்த்தினார். அதன்பின்தான் அது அடங்கிற்று. கங்காசாகர் நம் வசமான பிறகு அவர் உயிர் பிரிந்தது. வயது இருபத்தொன்பதை எட்டவில்லை.

எதிரியும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். கிறிஸ்தவர்களாகிய நாம் அதை மறந்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்ல முடியாது. எனினும் அன்று அவர் அந்தச் சுவர் ஏறாவிட்டால் எத்தனை தோழர்கள் மடிந்திருப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

நாட்டின் மிக உயர்ந்த போர் விருதான பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் போரில் அதைப் பெற்ற நால்வருள் கிழக்கு முனையில் போரிட்டவர் அவர் ஒருவரே. ராஞ்சி நகரின் நடு நாற்சந்தியில் அவருடைய சிலை நிற்கிறது. அந்தச் சந்திக்கும் அவர் பெயரே. 2000-இல் தபால் தலை வெளிவந்தது. அகர்தலாவில் அவர் பெயரால் பூங்கா அமைந்தது. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

உடலோ ஜாரிக்கு வரவில்லை. அகர்தலாவை அடுத்த டுக்லியில் அடக்கம் செய்யப்பட்டது. ஜாரியிலிருந்து அது எத்தனை தூரம்! இளம் வயதில் கைம்பெண்ணான பலம்தீன் அம்மையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், கணவரின் குழிமேல் ஒரு மெழுகுதிரி ஏற்ற வழியில்லாமல் இருந்தார்.

2015 டிசம்பரில், அவருடைய நினைவு நாளை ஒட்டி, கல்லறை மண் என்று ஒரு கலசம் அரசு மரியாதையுடன் ஜாரிக்குக் கொண்டுவரப்பட்டது. அது உண்மையில் ஆல்பர்ட்டின் குழியிலிருந்து எடுத்த மண்தானா என்ற ஐயம் வீட்டாருக்கு எழுந்தது. அவர்கள் அதை ஏற்கவில்லை. விழாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டுக் குழியை விட்டுவிட்டு வேறொருவர் குழிமேல் நம்மில் யார் பூ வைப்போம்?

2016-இல் குடும்பத்தாரே திரிபுராவுக்குப் பயணம் செய்தனர். அடக்கம் செய்த இடத்தைத் தாங்களே கண்டு, அந்த மண்ணை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினர். பலம்தீன் அம்மையார் அதற்குப் பின்னும் ஐந்தாண்டு உயிரோடிருந்தார். 2021-இல் இறைவனடி சேர்ந்தார்.